அக்ரிலிக்கில் முதல் குழி: ஃபெம்டோநொடி லேசருக்குப் புதிதாக வருபவர்களுக்கு

கோயமுத்தூரிலிருந்து வாளையார் வழியாக பஸ் மாறி வந்து சேர்ந்த எம்.எஸ்சி. மாணவி ஒருத்தி, ஆய்வகத்தில் கால் வைத்த முதல் நாளே என்னிடம் கேட்டாள்: “ஏனுங்க்கா, இந்த அக்ரிலிக் கண்ணாடியாட்டம் தெளிவா இருக்குதுங்களே, லேசர் அந்தப் பக்கம் பூந்து போயிராதுங்களா?”

போகத்தான் செய்யும். சாதாரண வெளிச்சமாக இருந்தால் நூற்றுக்குத் தொண்ணூற்றிரண்டு பங்கு அந்தப் பக்கம் போய்விடும். மேல் பரப்பில் ஏறத்தாழ நாலு பங்கு, அடிப் பரப்பில் நாலு பங்கு பிரதிபலித்துத் திரும்பும். அவ்வளவுதான் கணக்கு. அப்படியிருக்க, அதே தகட்டில் முடி அகலத்துக்கும் குறைவான குழியை எப்படிப் போடுகிறோம்? அவள் கேள்விக்கு அன்று அரை மணி நேரம் பதில் சொன்னேன். அதற்குப் பிறகு வந்த ஒவ்வொருவருக்கும் அதையே சொல்ல வேண்டியிருந்ததால் இங்கே எழுதி வைக்கிறேன்.

நான் இருப்பது பாலக்காட்டுக் கணவாய்ப் பக்கம். ஆய்வகத்தில் பாதிப் பேர் மலையாளம், மீதிப் பேர் எங்கள் சித்தூர், கொழிஞ்சாம்பாறைத் தமிழ். இந்த வழிகாட்டியில் நான் எடுத்துக்கொள்ளும் உதாரணம்: 2 மில்லிமீட்டர் தடிமன் உள்ள தெளிவான அக்ரிலிக், அதாவது பி.எம்.எம்.ஏ.; 1030 நானோமீட்டர் அலைநீளத்தில் 250 ஃபெம்டோநொடி பல்ஸ், அதாவது ஒளித்துடிப்பு, தரும் இட்டெர்பியம் லேசர் (ஒரு ஃபெம்டோநொடி என்பது நொடியின் ஆயிரம் லட்சம் கோடியில் ஒரு பங்கு); 100 மில்லிமீட்டர் குவியத்தூரம் உள்ள ஒரு லென்ஸ். உங்களிடம் இருப்பது 800 நானோமீட்டர் டைட்டானியம் சஃபையர் லேசராக இருந்தாலும் வழிமுறை மாறாது, எண்கள்தான் மாறும்.

எதனால் வெட்டுகிறது

பெயர்ப்பலகைக் கடையில் அக்ரிலிக் வெட்டும் லேசரை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். அது கார்பன் டை ஆக்சைடு லேசர், 10.6 மைக்ரான் அலைநீளம். நம் கண்ணுக்குத் தெளிவாகத் தெரியும் அக்ரிலிக் அந்த அலைநீளத்துக்குக் கரிச்சட்டி மாதிரிதான். விழுந்த ஒளி முழுவதையும் தோலிலேயே குடித்து, உருகி, ஆவியாகி வெட்டுப்படும். ஓரம் பளபளவென்று இருப்பது உருகி ஆறியதால்.

நம் லேசருக்கு அந்தச் சலுகை கிடையாது. 1030 நானோமீட்டர் ஃபோட்டான் ஒன்றிடம் 1.2 எலக்ட்ரான் வோல்ட் ஆற்றல்தான் உண்டு. பி.எம்.எம்.ஏ.யில் ஒரு எலக்ட்ரானைக் கட்டவிழ்க்க அதைப்போல மூன்று மடங்குக்கும் மேல் வேண்டும். ஒற்றை ஃபோட்டானால் ஆகாது. பல ஃபோட்டான்கள் ஒரே இடத்தில், ஒரே நேரத்தில் வந்து சேர்ந்தால்தான் ஆகும். அதற்குத்தான் பல்ஸை இவ்வளவு குறுக்குவது. 10 மைக்ரோஜூல் ஆற்றலை 250 ஃபெம்டோநொடிக்குள் அடைத்தால் உச்சத்தில் 40 மெகாவாட். அதே பல்ஸ் நொடிக்கு ஆயிரம் முறை வந்தாலும் சராசரி 10 மில்லிவாட்தான், கையில் பிடிக்கும் லேசர் பாயிண்டரின் வரிசை. இடத்தில் அளந்தால் இன்னும் வேடிக்கை: ஒளி ஒரு ஃபெம்டோநொடியில் 0.3 மைக்ரான் போகிறது. ஆக, பறந்து வரும் நம் பல்ஸின் மொத்த நீளமே 75 மைக்ரான்.

உச்சத்தில் மட்டும், குவியத்தில் மட்டும், ஒளி பொருளுக்குள் உள்வாங்கப்படுகிறது. எலக்ட்ரான்கள் அவிழ்ந்து, பிளாஸ்டிக்கின் நீண்ட மூலக்கூறுச் சங்கிலிகள் அறுந்து, ஒரு சிறு கவளம் வெளியே எறியப்படுகிறது. சூடு பக்கத்துக்குப் பரவும் முன்பே பல்ஸ் முடிந்துவிடும். லேசரின் உள் பாகங்களை உடைக்காமல் இப்படி அடர்த்தியான பல்ஸ் செய்யும் வழியை 1985ல் டோனா ஸ்ட்ரிக்லண்டும் ஜெரார் மூரூவும் காட்டினார்கள். பல்ஸை முதலில் நீட்டி, பெருக்கி, பிறகு சுருக்குவது. 2018 நோபல் பரிசில் அவர்களுக்குப் பங்கு கிடைத்தது அதற்காகத்தான்.

பாலிமரை, அதாவது அக்ரிலிக் போன்ற பிளாஸ்டிக்கை, லேசரால் சுத்தமாக அரித்தெடுக்கலாம் என்பதையே உலகத்துக்குக் காட்டியவர்களில் முதன்மையானவர் நம் ஊர்க்காரர் என்பதைப் புதிதாக வரும் பிள்ளைகளிடம் சொல்லாமல் விடமாட்டேன். மெட்ராஸில் பிறந்து, மெட்ராஸ் பல்கலைக்கழகத்தில் படித்த ரங்கஸ்வாமி ஸ்ரீனிவாசன், ஐ.பி.எம். ஆய்வகத்தில் புற ஊதா எக்ஸைமர் லேசரைக் கொண்டு பாலியெஸ்டர் படலத்தைச் செதுக்கி, 1982ல் வெளியிட்டார். அதற்குச் சற்று முன், 1981 நவம்பரில், விருந்தில் மிச்சமான வான்கோழித் துண்டைக் கொண்டுவந்து அதே லேசரில் காட்டிப் பார்த்ததிலிருந்துதான் கண் அறுவையில் லேசர் வந்த கதை தொடங்குகிறது. ஃபெம்டோநொடிப் பல்ஸால் பாலிமரை வெட்டிக் காட்டியது 1987ல், ஜெர்மனியின் கோட்டிங்கனில், கியூப்பரும் ஸ்டூக்கும்.

முதலில் கண்

1030 நானோமீட்டர் கண்ணுக்குத் தெரியாது. தெரியாவிட்டாலும் விழித்திரையைச் சுடும். உங்கள் அலைநீளத்துக்கென்று குறித்த பாதுகாப்புக் கண்ணாடி இல்லாமல் உள்ளே வராதீர்கள். மோதிரம், கைக்கடிகாரம், கழுத்தில் தொங்கும் அடையாள அட்டையின் கிளிப் எல்லாவற்றையும் வெளியே கழற்றி வையுங்கள். ஸ்டூலில் உட்கார்ந்தால் கண் பீம் மட்டத்துக்கு வந்துவிடும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

இங்கே எங்கள் எல்லைக்கே உரிய ஒரு தொல்லை உண்டு. தமிழில் கண்ணாடி என்றால் மூக்குக்கண்ணாடி, முகம் பார்ப்பது, சன்னல் சட்டத்தில் இருப்பது எல்லாமே. மலையாளத்தில் கண்ணாடி என்றால் பெரும்பாலும் முகம் பார்ப்பதுதான், மூக்கில் போடுவது கண்ணட. ஒருமுறை எங்கள் டெக்னீஷியன் சேட்டன், பீமைத் திருப்பும் மிரரில் யாரும் கை வைக்கக் கூடாது என்பதற்காக “கண்ணாடி தொடருது”, அதாவது தொடக்கூடாது, என்று மலையாளத்தில் குரல் கொடுத்தார். பொள்ளாச்சிப் பையன் மேசை மேலிருந்த பாதுகாப்புக் கண்ணாடியை எடுக்கப்போன கையை அப்படியே இழுத்துக்கொண்டு, வெறுங்கண்ணோடு நின்றான். நல்லவேளை, ஷட்டர் மூடியிருந்தது. அன்றிலிருந்து எங்கள் அறையில் இரண்டு சொல்தான்: மூக்கில் போடுவது காகிள்ஸ், மேசையில் நிற்பது மிரர். கண்ணாடி என்ற சொல்லுக்கே உள்ளே அனுமதி இல்லை.

ஒளிபுகும் பொருள் என்பதால் இன்னும் ஒரு எச்சரிக்கை. உலோகத்தில் வேலை செய்து பழகியவர்கள் தகட்டுக்குக் கீழே என்ன இருக்கிறது என்று பார்ப்பதில்லை. இங்கே பீம் தகட்டைத் தாண்டி வரும். அடியில், தகட்டை நகர்த்தும் மேடையான ஸ்டேஜின் பளபளப்பான அலுமினியம் இருந்தால் திரும்பிப் பாய்ந்து தகட்டின் அடிப்பரப்பைப் புண்ணாக்கும், இல்லையேல் அறையில் எங்கோ போகும். தகட்டை ஓரங்களில் மட்டும் தாங்கி, நடுவே காலி இடம் விட்டு, கீழே பீமை விழுங்கும் தடுப்பு வையுங்கள். மேல் பரப்பின் நாலு சதவிகிதமும் சின்ன விஷயமல்ல. 10 வாட் பீமுக்கு அது 0.4 வாட்.

தகட்டைத் தேர்ந்தெடுப்பது

அக்ரிலிக்கில் இரண்டு வகை. அச்சில் ஊற்றிச் செய்தது, பிதுக்கித் தள்ளிச் செய்தது. ஊற்றியதை வாங்குங்கள். பிதுக்கியதில் உள் இறுக்கம் மிச்சம் இருக்கும், சங்கிலிகளும் குட்டை. குழியைச் சுற்றி மயிரிழை விரிசல் ஓடும், ஓரம் சீக்கிரம் உருகும். பெயர்ப்பலகைக் கடையில் மிச்சத் துண்டு கேட்டால் கொடுப்பார்கள். ஆனால் எந்த வகை என்று உறையில் இருக்கும் அச்சைப் பார்க்காமல் வாங்காதீர்கள். பல தகடுகளில் வெயில் தாங்குவதற்காகப் புற ஊதாவைத் தடுக்கும் பொருள் கலந்திருக்கும். 1030ல் அது பெரிதாகத் தெரியாது. லேசரை மூன்றாம் ஹார்மோனிக்குக் கொண்டுபோய், அதாவது அலைநீளத்தை மூன்றில் ஒன்றாக்கி, 343 நானோமீட்டரில் சுட்டால் முற்றிலும் வேறு பொருள் மாதிரி நடந்துகொள்ளும்.

பாலிகார்பனேட் சற்றுக் குறைந்த ஆற்றலிலேயே இடம் கொடுக்கும். ஆனால் அதன் மூலக்கூறில் இருக்கும் பென்சீன் வளையங்கள் கரியாக மாறும் குணம் கொண்டவை, ஓரம் பழுப்பாகும். முதல் மாதத்துக்கு அக்ரிலிக்கே போதும். பி.வி.சி. தகட்டை மட்டும் யார் கொடுத்தாலும் லேசருக்குக் கீழே வைக்காதீர்கள். ஹைட்ரஜன் குளோரைடு வாயு வரும். நுரையீரலுக்கும் ஆகாது, லென்ஸுக்கும் ஆகாது.

தகட்டின் மேலுள்ள காப்புப் படலத்தைச் சுடுவதற்குச் சற்று முன்தான் உரிக்க வேண்டும். உரித்த கணமே நிலைமின்சாரம் ஏறி, தூசியை வா வா என்று அழைக்கும். மார்கழி, தை மாதங்களில் கணவாய் வழியே வறண்ட கிழக்குக் காற்று அடிக்கும்போது இது மிக மோசம். கைக்குட்டையால் துடைத்தால் இன்னும் ஏறும். அயனி ஊதி இருந்தால் பயன்படுத்துங்கள். இல்லையென்றால் சோப்புத் தண்ணீர் ஓரிரு துளி, பிறகு வடிகட்டிய நீர், பிறகு நைட்ரஜன் ஊதல். ஆனி, ஆடியில் பிரச்சினை தலைகீழ்: அக்ரிலிக் ஈரம் குடிக்கும். பெட்டியில் சிலிக்கா ஜெல் போட்டு வையுங்கள், முந்தைய இரவு 80 டிகிரி அடுப்பில் சில மணி நேரம் வைத்து மெதுவாக ஆறவிட்டால் ஈரமும் போகும், இறுக்கமும் தளரும்.

அசிட்டோன் பாட்டிலை அந்த மேசையிலிருந்தே எடுத்துவிடுங்கள். உலோகம், கண்ணாடி, சிலிக்கான் எல்லாவற்றையும் அசிட்டோனில் கழுவிப் பழகிய கை, யோசிக்காமல் அக்ரிலிக்கையும் கழுவும். தகடு பால் பிடித்த மாதிரி ஆகிவிடும்.

மேற்பரப்பைத் தேடுவது

புதியவர்கள் அதிகம் தோற்பது இங்கேதான். நானும் இங்கேதான் தோற்றேன்.

கேமராவில் மேற்பரப்பைப் பார்த்து ஃபோகஸ் வைக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒளிபுகும் தகட்டில் மேற்பரப்பு என்று இரண்டு இருக்கிறது. மேலே ஒரு பிரதிபலிப்பு, அடியில் ஒரு பிரதிபலிப்பு, இரண்டும் ஏறக்குறைய ஒரே பிரகாசம். 2 மில்லிமீட்டர் தடிமன் என்றாலும், ஒளிவிலகல் எண் 1.49 என்பதால் அடிப்பரப்பு வெறும் 1.34 மில்லிமீட்டர் ஆழத்தில் இருப்பதாக ஸ்டேஜின் எண் காட்டும். சேர்ந்த புதிதில் அடிப்பரப்பை மேற்பரப்பு என்று நம்பி, ஒரு முழு இரவு வரிவரியாகச் சுட்டேன். காலையில் நுண்ணோக்கியில் மேற்பரப்பு வாங்கிய நாள் போலவே பளிச்சென்று இருந்தது. தகட்டைப் புரட்டிப் பார்த்த பிறகுதான் என் இரவு முழுவதும் அந்தப் பக்கம் கிடந்தது தெரிந்தது. அதுவும் உட்புறமிருந்து வெடித்துக் கிளம்பிய, ஓரம் பிய்ந்த குழிகள்.

ஆகவே இப்படிச் செய்யுங்கள். சுடப்போகாத ஒரு மூலையில் மார்க்கர் பேனாவால் சின்னப் புள்ளி வையுங்கள். மை எங்கே தெளிவாகத் தெரிகிறதோ அதுதான் மேற்பரப்பு. ஸ்டேஜை இன்னும் ஏற்றி, இரண்டாவது பிரதிபலிப்பு 1.34 மில்லிமீட்டரில் வருகிறதா என்றும் பாருங்கள். வந்தால் சரி. இதே மாதிரி மூன்று மூலைகளிலும் பாருங்கள். தகட்டின் தடிமன் ஒரே சீராக இருக்காது, தாங்கியும் சற்றுச் சாய்ந்திருக்கும்.

கேமராவின் ஃபோகஸும் லேசரின் ஃபோகஸும் ஒன்றல்ல. அதனால் அடுத்தது ஏணிப் புள்ளிகள். ஆற்றலைக் குழி விழும் அளவுக்குச் சற்று மேலே மட்டும் வைத்து, லென்ஸ் உயரத்தை 50 மைக்ரான் படியாக மாற்றி, ஒவ்வொரு உயரத்திலும் ஒற்றைப் பல்ஸ் சுடுங்கள். பக்கவாட்டில் நகர்ந்துகொண்டே போனால் ஒரு வரிசை கிடைக்கும். ஒரு முனையில் ஒன்றும் இருக்காது, பிறகு மெல்லிய புள்ளிகள், நடுவில் தெளிவான குழிகள், மறுபடி மெலிந்து மறையும். அந்த வரிசையின் நடுதான் உங்கள் ஃபோகஸ். 5 மில்லிமீட்டர் அகல பீமை 100 மில்லிமீட்டர் லென்ஸால் குவித்தால், பீம் சுத்தமாக இருக்கும் பட்சத்தில் குவியத்தின் ஆரம் சுமார் 13 மைக்ரான், ஃபோகஸ் தாங்கும் ஆழம் மேலும் கீழும் அரை மில்லிமீட்டர். தாராளம்தான், ஆனால் வரிசையின் மறுபாதியில் ஒரு ஏமாற்று உண்டு. குவியம் மேற்பரப்புக்குக் கீழே போனால் வரிசை மறையாமல், புள்ளிகள் தகட்டின் உள்ளே தொடரும். மேலிருந்து பார்த்தால் குழி மாதிரியே தெரியும். நுண்ணோக்கியின் ஃபோகஸை ஏற்றி இறக்கிப் பார்த்தால்தான் அது மேலே இல்லை, உள்ளே இருக்கிறது என்று புரியும்.

சந்தேகம் வந்தால் குவியத்தை மேற்பரப்புக்கு ஒரு இழை மேலே வையுங்கள், கீழே வேண்டாம். ஒளிபுகும் பொருட்களில் உச்சப் பவர் சில மெகாவாட்டைத் தாண்டினாலே பீம் உள்ளே தன்னைத்தானே குவித்துக்கொள்ளும். நம்முடையது 40. உள்ளே போய்விட்டால் அது எங்கே குவிகிறது என்பது உங்கள் கட்டுப்பாட்டில் இல்லை.

கொழிஞ்சாம்பாறை ரோட்டோரத்தில் நுங்கு சீவுபவரை நின்று பாருங்கள். காயைக் கையில் வாங்கியதும் அரிவாளை ஓங்க மாட்டார். ஒரு சுற்று சுற்றி, கண் எங்கே இருக்கிறது, மட்டை எவ்வளவு தடிமன் என்று பார்ப்பார். பிறகு மூன்றே வெட்டு. உள்ளே இருக்கும் தண்ணீர் சிந்தாது.

ஆற்றலை அளப்பது

லேசரின் திரை காட்டும் எண்ணை நம்பாதீர்கள். இடையில் எத்தனையோ மிரர், லென்ஸ். பவர் மீட்டரைக் கடைசி லென்ஸுக்குப் பின்னால், ஆனால் குவியத்தில் அல்லாமல் பீம் விரிந்த இடத்தில் வையுங்கள். குவியத்தில் வைத்தால் சென்சாரில்தான் முதல் குழி விழும். சராசரிப் பவரைப் பல்ஸ் எண்ணிக்கையால் வகுத்தால் ஒரு பல்ஸின் ஆற்றல்: நொடிக்கு 10,000 பல்ஸ், 100 மில்லிவாட் என்றால் பல்ஸுக்கு 10 மைக்ரோஜூல். ஏ.சி. காற்று நேராக மீட்டரில் பட்டால் எண் ஆடும், அட்டைப் பெட்டியால் மறையுங்கள். ஆற்றலை மாற்ற, ஒளியின் அதிர்வுத் திசையைத் திருப்பும் அரை அலைத் தகட்டையும் ஒரு திசையை மட்டும் விடும் போலரைசரையும் வரிசையாக வைத்து, அரை அலைத் தகட்டைத் திருப்புங்கள். லேசரின் உள் அமைப்பை மாற்றினால் பல்ஸின் நீளமும் மாறிப்போகலாம்.

ஒற்றைப் பல்ஸ் எப்படிக் கிடைக்கும்? லேசரில், வேண்டிய பல்ஸை மட்டும் பொறுக்கி வெளியே விடும் பல்ஸ் பிக்கர் இருந்தால் சுலபம். இல்லையென்றால் எளிய தந்திரம் ஒன்று: நொடிக்கு 1,000 பல்ஸ் வைத்து, ஸ்டேஜை நொடிக்கு 50 மில்லிமீட்டர் வேகத்தில் ஓட்டுங்கள். ஒவ்வொரு பல்ஸும் 50 மைக்ரான் தள்ளித் தள்ளித் தனியாக விழும்.

உங்கள் த்ரெஷோல்டை நீங்களே கண்டுபிடிப்பது

எந்த ஆற்றலுக்குக் கீழே குழியே விழாதோ, அதுதான் த்ரெஷோல்டு. கட்டுரைகளில் இருந்து எண்ணை எடுத்துக்கொண்டு வந்து, “அக்கா, இவ்வளவு ஜூல் வெச்சா வெட்டும்னு போட்டிருக்குதுங்க” என்பார்கள். அவர்களுடைய அலைநீளம் வேறு, பல்ஸ் நீளம் வேறு, தகடு வேறு, எதைக் குழி என்று எண்ணினார்கள் என்பதும் வேறு. சதுர சென்டிமீட்டருக்குச் சில ஜூல் என்ற வரிசை மட்டும் தெரிந்துகொண்டு, மிச்சத்தை அளந்துவிடுங்கள். அரை நாள் வேலைதான்.

1982ல் ஜே. எம். லியூ சொன்ன முறை இன்றைக்கும் போதும். ஐந்தாறு ஆற்றல்களில், ஒவ்வொன்றிலும் பத்து ஒற்றைப் பல்ஸ் குழிகள் போடுங்கள். விட்டத்தை அளந்துகொள்ளுங்கள். விட்டத்தை வர்க்கம் செய்து நிமிர்ந்த அச்சிலும், ஆற்றலை மடக்கை அளவில் படுத்த அச்சிலும் போட்டால் நேர்கோடு வரும். கோடு அடி அச்சைத் தொடும் இடம் த்ரெஷோல்டு. கோட்டின் சாய்வு குவியத்தின் ஆரத்தைச் சொல்லும்.

கணினி இல்லாமலே மனக்கணக்காகப் பார்க்க ஒரு வழி உண்டு. ஆற்றலை இரண்டு மடங்காக்கினால் விட்ட வர்க்கம் ஒரு குறிப்பிட்ட அளவு கூடும், எங்கிருந்து தொடங்கினாலும் அதே அளவு. உதாரணத்துக்கு, 12 மைக்ரோஜூலில் விட்டம் 15.3 மைக்ரான், வர்க்கம் 234. 24 மைக்ரோஜூலில் 21.63, வர்க்கம் 468. வித்தியாசம் 234. அதை 1.386 ஆல் வகுத்தால் 169, அதன் வர்க்கமூலம் 13. அதுதான் குவியத்தின் ஆரம். இன்னும் ஒரு பாதி இறங்கினால், 6 மைக்ரோஜூலில், வர்க்கம் சுழி. ஆக, த்ரெஷோல்டு 6 மைக்ரோஜூல். இதை ஃப்ளூயன்ஸாக, அதாவது பரப்புக்கு இவ்வளவு ஆற்றல் என்ற கணக்காக மாற்ற, ஆற்றலை இரட்டித்து, குவியத்தின் பரப்பால் வகுக்க வேண்டும்: சதுர சென்டிமீட்டருக்கு சுமார் 2.3 ஜூல். இரட்டிப்பது ஏனென்றால் பீமின் நடு, சராசரியைவிட இரண்டு மடங்கு காரம். இந்த இரண்டை மறந்துவிட்டு வரும் நோட்டுகளை மாதம் ஒன்றாவது பார்க்கிறேன்.

த்ரெஷோல்டுக்கு மிக அருகில் இருக்கும் குழிகளை நம்பாதீர்கள். லேசரின் சிறு ஏற்ற இறக்கமே அங்கே குழி உண்டா இல்லையா என்பதைத் தீர்மானித்துவிடும். அக்ரிலிக்குக்கென்று தனியாக இன்னொரு சூழ்ச்சி: த்ரெஷோல்டுக்குச் சற்றுக் கீழே அது குழியாகாமல் உப்பிக்கொள்ளும். உள்ளே சின்னச் சின்னக் குமிழி கட்டி, மேற்பரப்பு தோசைக்கல்லில் எழும் கொப்புளம் போல மேடாகும். மேலிருந்து பார்த்தால் மேடும் குழியும் ஒரே வட்டம்தான். நுண்ணோக்கியின் ஃபோகஸை மேலே ஏற்றும்போது நடுப்பகுதி தெளிந்தால் மேடு, இறக்கும்போது தெளிந்தால் குழி. இந்த ஒரு சோதனையைச் செய்யாததால்தான் நிறையப் பேருடைய த்ரெஷோல்டு உண்மையைவிடக் குறைவாக வருகிறது.

பல பல்ஸ் விழும்போது

ஒரே இடத்தில் நூறு பல்ஸ் போட்டால் த்ரெஷோல்டு பல மடங்கு இறங்கிவிடும். முதல் பல்ஸ்கள் குழி போடாவிட்டாலும் சும்மா போவதில்லை. சங்கிலியின் பக்கக் கிளைகள் உதிரும், தண்டில் இரட்டைப் பிணைப்பு உருவாகும், சிறு குறைகள் சேரும். தெளிவாக இருந்த இடம் ஒளியைக் குடிக்கக் கற்றுக்கொள்கிறது. கோழி அடைகாப்பது போல என்பதால் இதை இன்குபேஷன் என்பார்கள். ஐம்பது பல்ஸ் வரை ஒன்றுமே நடக்காமல், ஐம்பத்தொன்றில் திடீரென்று குழி விழுவதைக் கேமராவில் பார்க்கலாம்.

ஆகவே எத்தனை பல்ஸ் என்று சொல்லாமல் த்ரெஷோல்டு சொல்வது, எத்தனை பேர் என்று சொல்லாமல் பந்திக்கு அரிசி போடுவது மாதிரி. 1, 3, 10, 30, 100 பல்ஸ் என்று தனித்தனியாக லியூ முறையைச் செய்து, இரண்டு அச்சும் மடக்கையில் போட்டால், ஏறக்குறைய நேர்கோடாக இறங்கும். அந்த வரைபடத்தை அச்செடுத்து லேசர் பக்கத்திலேயே ஒட்டிவிடுங்கள்.

குறுகிய பல்ஸ் என்றால் சூடு இல்லையா

புத்தகத்தில் குளிர்ந்த வெட்டு என்று படித்துவிட்டு வந்து, உருகிய ஓரத்தைப் பார்த்து முழிப்பார்கள். ஒரு பல்ஸுக்குச் சூடு பரவ நேரமில்லை என்பது உண்மை. ஆனால் மிச்சச் சூடு அங்கேயே கிடக்கிறது, அடுத்த பல்ஸ் அதன் மேல் விழுகிறது. செம்பு அந்தச் சூட்டை உடனே கடத்திவிடும். அக்ரிலிக் அதைவிட ஆயிரம் மடங்கு சோம்பேறி. 13 மைக்ரான் இடத்திலிருந்து சூடு கலைய ஏறத்தாழ 0.4 மில்லிநொடி ஆகும். நொடிக்கு 1,000 பல்ஸ் என்றால் நடுவே ஒரு மில்லிநொடி இடைவெளி, தப்பித்தோம். 10,000 என்றால் 0.1 மில்லிநொடி, சூடு மேலே மேலே ஏறும். அக்ரிலிக் 105 டிகிரியிலேயே இளகத் தொடங்கும், பாலிகார்பனேட் சுமார் 150 வரை தாங்கும்.

இதற்கு வழி ஆற்றலைக் குறைப்பதல்ல, பல்ஸ்களைப் பிரித்துப் போடுவது. மிரரைத் திருப்பி பீமை வேகமாக ஓட்டும் கால்வோ ஸ்கேனர் இருந்தால் நொடிக்கு 200 மில்லிமீட்டர் வேகத்தில் ஓட்டுங்கள். 10,000 பல்ஸுக்கு ஒவ்வொன்றும் 20 மைக்ரான் தள்ளி விழும். கோட்டின் நீளம் 10 மில்லிமீட்டர் என்றால் திரும்பி வர 50 மில்லிநொடி, அதற்குள் ஆறிவிடும். ஒரே ஓட்டத்தில் ஐந்து பல்ஸ் அடுக்குவதைவிட, ஐந்து ஓட்டங்களில் ஒவ்வொன்றாக, ஒவ்வொரு ஓட்டத்திலும் தொடக்கத்தை நாலு மைக்ரான் தள்ளிப் போடுங்கள். ஓரம் கத்தி மாதிரி வரும். வழவழப்பான உருண்ட விளிம்பு, நூல் நூலாக இழை, குமிழி இவை தெரிந்தால் சூடு சேர்ந்துவிட்டது என்று அர்த்தம்.

சுடும்போது பல்செட் செய்யும் இடத்தில் அடிக்குமே, அந்த வாடை வரும். அது மெத்தில் மெத்தாக்ரிலேட். அக்ரிலிக் தன் மூலப்பொருளாகவே பிரிந்து வருகிறது. மூக்குக்கு எட்டினால் உறிஞ்சி சரியாக வேலை செய்யவில்லை என்று பொருள். உறிஞ்சியின் வாயைக் குழிக்கு இரண்டு மூன்று சென்டிமீட்டர் பக்கத்தில், பக்கவாட்டில் வையுங்கள். மேலே எழும் தூள் அடுத்த பல்ஸின் வழியை மறிப்பதும் குறையும்.

சுட்ட பிறகு

தூளைக் கழுவ, சோப்பு கலந்த நீரில் சில நிமிடம் அல்ட்ராசானிக் குளியல். கழுவும் முன் ஒருமுறை, கழுவிய பின் ஒருமுறை படம் எடுங்கள். கழுவும் முன் குழியைச் சுற்றித் தெரிந்த வளையம் காணாமல் போனால் அது தூள், நின்றால் உருகிய விளிம்பு. எலக்ட்ரான் நுண்ணோக்கிக்குக் கொண்டுபோவதானால் மெல்லிய தங்கப் பூச்சு இல்லாமல் போகாதீர்கள். பிளாஸ்டிக்கில் மின்னேற்றம் தேங்கி, படம் வெள்ளையாகப் பூத்துவிடும். சாதாரண நுண்ணோக்கியில் பார்க்கும்போது தகட்டுக்கடியில் கறுப்புத் துணி வைத்து, பக்கவாட்டில் சாய்வாக வெளிச்சம் அடியுங்கள்.

நோட்டில் எழுதும்போது ஆற்றல், பல்ஸ் எண்ணிக்கை, வேகம், குவியத்தின் உயரம் இவற்றோடு அன்றைய ஈரப்பதத்தையும் தகட்டின் உறை எண்ணையும் சேர்த்து எழுதுங்கள். ஆடி மாதக் குழியும் தை மாதக் குழியும் ஏன் ஒத்துப்போகவில்லை என்று பின்னால் தேடும்போது கைகொடுக்கும்.

இன்னொன்று, இதை உண்மையில் சுடுவதற்கு முன்பே செய்ய வேண்டும், எல்லோரும் மறப்பதால் கடைசியில் சொல்கிறேன். படலத்தை உரிக்கும் முன், தகட்டின் வலது கீழ் மூலையில் ஊசியால் ஒரு அம்புக்குறி கீறுங்கள். அந்தப் பையன், காகிள்ஸைத் தொடாமல் நின்றவன், போன மாதம் கழுவிய தகட்டை டியூப் லைட்டுக்கு நேரே தூக்கிப் பிடித்து, இந்தப் பக்கம் ஒருமுறை, அந்தப் பக்கம் ஒருமுறை திருப்பிப் பார்த்துக்கொண்டு என்னிடம் வந்தான். “அக்கா, இதுல எது மேல்பக்கமுங்க?” நானும் வாங்கித் திருப்பிப் பார்த்தேன். இரண்டு பக்கமும் அதே தெளிவு.